பெயர் மாறினால் வதை மாறுமா?

தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார் நன்னூலார். அவையிற் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது முதலாவது. செத்தாரைத் துஞ்சினார் என்பது இரண்டாவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்குவது மூன்றாவது. நம் காலத்து அரச அதிகாரிகள் வழங்கும் சில சொற்களை இவற்றுள் எதில் அடக்குவது என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. முதலிரண்டும் கேட்பவர் மனம் நோகாதிருக்கப் பிறந்தவை. நான் கருதும் சொற்களோ, செய்தவர் சட்டத்தின் பிடியில் அகப்படாதிருக்கப் பிறந்தவை.

'மேம்படுத்தப்பட்ட விசாரணை முறைகள்' என்பது அத்தகைய தொடர். 2001 செப்ரெம்பர் தாக்குதலின் பின்னர், அமெரிக்க உளவுத் தாபனமாகிய சி. ஐ. ஏ. இரகசியச் சிறைகளிற் கையாண்ட முறைகளுக்கு இடப்பட்ட பெயர் இது. கைதியைப் பலகையிற் கிடத்திக் கட்டி, முகத்தைத் துணியால் மூடி, மூச்சுத் திணற நீர் ஊற்றுவது அவற்றுள் ஒன்று. 2002 ஆகஸ்டில் ஒரு கைதி குறைந்தது 83 தடவையும், 2003 மார்ச்சில் இன்னொரு கைதி 183 தடவையும் இதற்கு ஆளாயினர்.

இதற்கு வழிவிட்டது ஒரு சொற்பொருள் விளக்கம். உறுப்புச் செயலிழப்பு, உடற்றொழிற் குலைவு, மரணம் ஆகியவற்றோடு வரும் நோவுக்கு ஈடான நோவையே சித்திரவதை எனலாம் என்று, அந்நாட்டு நீதித் திணைக்களத்தின் சட்ட ஆலோசகர்கள் 2002 ஆகஸ்ட் 1ஆம் நாள் எழுதிக் கொடுத்தனர். 2004இல் அது வெளியானதும் மீளப் பெறப்பட்டது. அதே ஆண்டு, ஈராக்கின் அபு கிறைப் சிறைக் கொடுமைகள் பற்றிக் கேட்டபோது, பாதுகாப்புச் செயலாளர் றம்ஸ்பெல்ட் அது துன்புறுத்தலேயன்றி நுட்பமாகப் பார்த்தாற் சித்திரவதையன்று என்ற பொருள்பட விடையிறுத்தார். 2007இற் சட்டமா அதிபர் பதவிக்கு முன்மொழியப்பட்ட மியூகேசி, செனற் சபைக் குழுவின் முன், நீர் ஊற்றும் முறை சித்திரவதையாயின் அது அரசியலமைப்புக்கு முரணானது என்றார். அது சித்திரவதைதானா என்ற வினாவுக்கோ விடை தரவில்லை. அம்முறையில் என்ன நிகழ்கிறதென்பது தமக்குத் தெரியாது என்றார். 53 வாக்குகளுக்கு 40 என்ற கணக்கில் அவர் நியமனம் நிறைவேறிற்று. யப்பானியப் படையினர் கைதிகளுக்குச் செய்த இதே நீர் வதையை, அமெரிக்க நீதிபதியும் அமர்ந்திருந்த தோக்கியோ நீதிமன்றம் 1948இலேயே சித்திரவதைகளுள் ஒன்றாக விவரித்திருந்தது.

இவ்வித்தையை அமெரிக்கர் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. 1971இல் வட அயர்லாந்திற் பிரித்தானியப் படையினர் 14 பேரைச் சுவரோரம் மணிக்கணக்காக நிறுத்தினர். தலையை உறையால் மூடினர். ஓயாத இரைச்சலில் இருத்தினர். உறக்கத்தையும் உணவு நீரையும் மறுத்தனர். அதனை ஆராய்ந்த கொம்ப்ரன் குழு, தவறாக நடத்தியது உண்டு, மிருகத்தனம் இல்லை என்றது; மிருகத்தனம் என்பதற்குப் பிறர் நோவில் மகிழும் மனமோ, அதைப் பொருட்படுத்தாத மனமோ வேண்டுமாம்! ஐரோப்பிய மனித உரிமை ஆணைக்குழு 1976இல் அதனைச் சித்திரவதை என்றது. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ, மனிதத்தன்மையற்றது, இழிவானது என்று கண்டித்தும் அந்த ஒரு சொல்லை மட்டும் மறுத்தது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் அமெரிக்க ஆலோசகர்கள் தமக்குத் துணையாக எடுத்துக் காட்டியது இத்தீர்ப்பையே. ஓரிடத்தில் தளர்த்தப்பட்ட சொல் கடல் கடந்து இன்னோரிடத்திற் கயிறாக முறுக்கப்பட்டது.

ஊரைக் காக்கும் பொறுப்பு பெரிது, ஆபத்து வேளையிற் சொல்லாராய்ச்சிக்கு இடமில்லை என்பர் சிலர். போரோ, போர் அச்சுறுத்தலோ, வேறெந்த அவசர நிலையோ சித்திரவதைக்கு நியாயமாகாது என்று ஐக்கிய நாடுகள் சபையின் 1984ஆம் ஆண்டுச் சமவாயம் இதற்கு முன்கூட்டியே விடை கூறிவிட்டது. அந்த வாயில் அடைபட்டதனாலேதான் அதிகாரிகள் சொல்லாராய்ச்சியிற் புகுகின்றனர். அவர்கள் செயலை மறுப்பதில்லை, பெயரையே மறுக்கின்றனர். 2014 ஆகஸ்டிற் சனாதிபதி ஒபாமா, நாம் சிலரைச் சித்திரவதை செய்தோம் என்று வெளிப்படையாகவே கூறினார். ஆனால் சி. ஐ. ஏ. விசாரணைகள் பற்றிய குற்றவியல் ஆய்வு, எவர்மீதும் வழக்கின்றி 2012இலேயே மூடப்பட்டிருந்தது. தாமதித்து வந்த சொல் எவரையும் தொடவில்லை.

இது அயலார் கதை என்று நாம் வாளாவிருக்க முடியாது. அச்சமவாயம் கடும் நோவு, கடும் துன்பம் என இரண்டையும் கூறுகிறது. அதனை நடைமுறைப்படுத்த இலங்கை இயற்றிய 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமோ நோவைச் சொல்லித் துன்பம் என்ற சொல்லை விட்டுவிட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் சித்திரவதைக்கு எதிரான குழு 2011இல் இதனைச் சுட்டிக்காட்டியது. உறக்கமின்றி நிறுத்தப்பட்டவன் உடலில் தழும்பு இராது. அவன் பட்டதை உரைக்க எஞ்சியிருந்த சொல் அதுவே.

மொழியைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் இங்கே ஒரு கடமை உண்டு என்பது என் கருத்து. பெயர்ச்சொல்லைத் தம் விருப்பம்போல மாற்ற அதிகாரிகளால் இயலும். வினைச்சொல்லை அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது. கட்டினான், மூடினான், ஊற்றினான், நிறுத்தினான் என்பவற்றுக்கு எந்தத் திணைக்களம் வேறு பொருள் கூறும்? ஆகவே, இனி ஓர் அறிக்கையில் 'முறை', 'நடைமுறை', 'உத்தி' என்ற பெயர்கள் அடுக்கி வரக் கண்டால், இலக்கண வகுப்பிற் கேட்கும் வினாவையே அங்கும் கேட்போம்: எழுவாய் யார்? செயப்படுபொருள் யார்? பயனிலை என்ன?