முதலிற் கவிழப் பழகுக

'கற்றமரான்' என்று ஆங்கிலர் வழங்கும் சொல் எமது கட்டுமரமே என்பதை எம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்வர். சொல் எமதுதான். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே, சோழமண்டலக் கரையோரத்து மரங்களைக் குறித்து அது இடம்பெற்றுவிட்டது. ஆயினும் இன்று அப்பெயரால் உலகெங்கும் ஓடுங் கலம் வேறு. ஒடுங்கிய இரு தோணிகளைக் குறுக்குச் சட்டங்களாற் பிணைத்து, இடையே வலைத்துணி கட்டிப் பாயேற்றியது அது. பசிபிக் தீவினரின் மரபில் வந்தது. கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர் 1968இல் வெளியிட்ட 14 அடிக் கலத்தின் பின்னரே கடற்கரைதோறும் பரவியது.

பெயரில் மயங்கி, நாற்பது வயதைக் கடந்தபின் பொல்கொட ஏரியில் அதனை ஓட்டக் கற்கப் புகுந்தவன் யான். அவ்வளவில் ஒரு கருத்தைச் சொல்லத் துணிகின்றேன். புதிதாகக் கற்பவர்க்கு முதற் பாடமாக வேண்டுவது வேகமன்று, கவிழ்தலே.

இக்கலம் கற்பவனை ஏமாற்றும் இயல்புடையது. ஒற்றைத் தோணியிற் காலை வைத்ததுமே அது ஆடும். அந்த ஆட்டமே எச்சரிக்கை. இதுவோ மேசைபோல நிற்கும். காற்று வலுத்து ஒரு தோணி நீரை விட்டு எழும்போதுங்கூட அது களிப்பாகவே தோன்றும். பாயின் கயிற்றைச் சற்றே தளர்த்தினால் எழுந்தது இறங்கிவிடும். ஆனால் அஞ்சிய கை தளர்த்தாது, இறுக்கும். மறுகணம் பாய்மரம் நீரிற் படுத்துவிடும். தாமதித்தாற் கலம் முற்றாகப் புரளும்; நிமிர்ந்து நிற்கையில் எத்துணை உறுதியோ, தலைகீழாய்க் கிடக்கையிலும் அத்துணை உறுதி!

பாய்க்கயிறுகளைத் தளர்த்தி, காற்று பாயின் அடியிற் புகுமாறு கலத்தைத் திருப்பி, கீழ்த்தோணியில் ஏறி நின்று, மேல்தோணியின்மீது போட்ட கயிற்றைப் பற்றிப் பின்னோக்கிச் சாயவேண்டும். 16 அடிக் கலம் ஏறத்தாழ 145 கிலோகிராம் நிறையுடையது. மெலிந்த ஒருவனுக்கு அது அசைந்து கொடாது. மூன்று முறை முயன்று தோற்ற என்னருகே, உடன் வந்த இளைஞன் ஏறி நின்றான். "அண்ணை, கையாலை இழுக்காதேங்கோ, பாரத்தைப் பின்னுக்குக் குடுங்கோ" என்றான். கலம் எழுந்தது.

தொடக்கத்திலேயே கவிழ்த்தாற் கற்பவன் வெருண்டு ஓடிவிடுவான் என்பர் சிலர். எனக்கு நேர்ந்தது வேறு. அன்றுதான் என் கைப்பிடி தளர்ந்தது. காற்றை எதிர்த்துச் செல்ல, அதிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகி, பக்கம் மாற்றி மாற்றி ஓடவேண்டும். எடை குறைந்த இக்கலம் திரும்புகையில் நடுவே நின்று பின்வாங்கும். அப்போது சுக்கானை மறுபுறம் பிடிக்கும் நிதானம், கவிழ அஞ்சியிருந்த நாள்களில் எனக்கு வாய்க்கவேயில்லை.

ஆதலாற் சிறுவர்க்குக் கற்பிப்போர், மிதவைச் சட்டை அணிவித்து, வேறொரு படகையும் அருகில் நிறுத்தி, மெல்லிய காற்றுள்ள நாளில் முதலிற் கவிழ்த்துக் காட்டுவாராக. ஆழங்குறைந்த இடம் மட்டும் ஆகாது. அங்கே பாய்மரத்தின் நுனி சேற்றிற் குத்தி நின்றுவிடும். அச்சேற்றைக் கழுவுவதிலேயே எனக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று.