சேர்த்தது சேர்த்ததாகத் தெரியட்டும்

தேவிபட்டினத்தில் ஒரு மனைக்குப் பட்டா வேண்டுமென்று இன்று இ-சேவை மையத்துக்குப் போனால் கைக்கு வருவது ஒரு பிடிஎஃப். இந்த ராமநாதபுரச் சீமை இதற்கு முன் பல விதமான ஆவணங்களைப் பார்த்திருக்கிறது: இதை ஆண்ட சேதுபதிகளின் செப்பேடு, 1803இன் நிரந்தர நிலவரித் திட்டத்தில் ஜமீனான ராமநாதபுரத்தின் கணக்கு, 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் வந்த ரயத்துவாரிப் பட்டா. எழுதிய பொருள் மாறினாலும் ஒரு கேள்வி விடாமல் தொடர்கிறது. எழுதி முடித்த ஆவணத்தில் பின்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்தால் எப்படிச் சேர்ப்பது?

நம் முன்னோர் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி கொடையாகக் கொடுத்த வேள்விக்குடி என்ற ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோனது. எட்டாம் நூற்றாண்டில் நற்சிங்கன் என்பவர் பாண்டியன் நெடுஞ்சடையனிடம் முறையிட்டார். பழைய உரிமையை நிரூபிக்கச் சொன்ன அரசன், நிரூபித்த பிறகு ஊரைத் திரும்பக் கொடுத்தான். அதற்காக எழுதிய செப்பேட்டில் முதல் கொடை, பறிப்பு, மறுகொடை மூன்றும் வரிசையாக இருக்கின்றன. சோழ நாட்டுத் திருமழபாடியில் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துக் கட்ட உத்தரவானபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்தார்கள். இராசேந்திரன் காலத்தில் அவற்றை மறுபடி பொறித்தார்கள். நடந்ததையும் கல்லிலேயே எழுதி வைத்தார்கள்.

1908இன் பதிவுச் சட்டத்திலும் இதே கவனம் உண்டு. வரிகளுக்கிடையே எழுதியதோ அடித்ததோ திருத்தியதோ இருந்து, எழுதிக்கொடுத்தவர் அங்கே கையெழுத்தோ சுருக்கொப்பமோ வைக்காவிட்டால், பத்திரத்தைப் பதிய மறுக்கலாம் என்கிறது 20ஆம் பிரிவு. பதிந்த பிறகு சர்வே எண் தவறு என்று தெரிந்தால் பழைய பத்திரத்தில் யாரும் பேனா வைப்பதில்லை. பிழைதிருத்தல் பத்திரம் என்று புதிதாக ஒன்று எழுதிப் பதிகிறார்கள். பழையது அப்படியே இருக்கும்.

1993இல் அடோபி வெளியிட்டு, 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற உலகத் தரமான பிடிஎஃப்பிலும் இதற்கு வழி இருக்கிறது. முத்திரை, குறிப்பு, கியூஆர் குறியீடு எதைச் சேர்த்தாலும், பழைய பைட்டுகளைத் தொடாமல் கோப்பின் கடைசியில் அதை எழுதி, எது எங்கே இருக்கிறது என்று காட்டும் புதிய அட்டவணை ஒன்றையும் போடலாம். அந்த அட்டவணை பழைய அட்டவணை இருக்கும் இடத்தைச் சுட்டும். முந்தைய வடிவத்தை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். மின்கையொப்பம் கோப்பின் எந்தப் பகுதிக்கு உரியது என்பதும் பைட் கணக்கில் பதிவாகிறது.

ஆனால் பல மென்பொருள்கள் கோப்பு முழுவதையும் திரும்ப எழுதி, சேர்த்ததைப் பழைய பக்கத்தோடு கரைத்துவிடுகின்றன. முறைப்படி சேர்க்கும் வழியிலும் ஏமாற்று நடக்கலாம். கையொப்பத்துக்கு முன்பே கோப்பில் ஒளித்து வைத்ததைக் கையொப்பத்துக்குப் பின் வெளியே கொண்டுவந்தாலும், பல வாசிப்புச் செயலிகள் கையொப்பம் செல்லும் என்றே காட்டுவதை 2020இல் ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள்.

தமிழில் சேர்க்கும்போது கூடுதல் கவனம் தேவை. யூனிகோடில் ‘தே’ என்பது முதலில் த, அடுத்து ஏகாரக் குறி என்று சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துருவைக் கோக்கும் நிரலின் வேலை. முத்திரை போடும் மென்பொருளில் அந்த நிரல் இல்லையென்றால் தேவிபட்டினத்தின் முதல் எழுத்திலேயே கொம்பு பின்னால் போய் நிற்கும். அதை மறைக்கக் கொம்பை முதலில் உள்ளிட்டால் கண்ணுக்கு ஊர்ப் பெயர் சரியாகிவிடும், தேடினால் அகப்படாது. ஐம்பது ஆண்டு கழித்துத் தன் தாத்தாவின் மனையைத் தேடும் பேரனுக்கு அந்த ஆவணம் இல்லாததற்குச் சமம். ஹார்ஃப்பஸ் போன்ற கட்டற்ற நிரல்கள் எழுத்துக் கோக்கும் வேலையைச் செம்மையாகச் செய்கின்றன. ஆகவே இதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

அரசு அலுவலகங்கள் இனி மென்பொருள் வாங்கும்போது மூன்றைக் கட்டாயமாக்க வேண்டும். மூலக் கோப்பு மாறாமல் இருக்க வேண்டும். சேர்த்தவர் யார், என்றைக்குச் சேர்த்தார் என்பது கோப்பிலேயே பதிவாக வேண்டும். சேர்த்த தமிழ் தேடலுக்குக் கிடைக்க வேண்டும். கல்லிலும் செம்பிலும் எழுதியவர்கள் இந்த நேர்மையைக் காத்தார்கள். அவர்களைவிட எத்தனையோ வசதி படைத்த நாம், ஒரு மீனவக் குடும்பத்தின் மனைப் பட்டாவுக்கு அதைவிடக் குறைந்த காவலைத் தருவது அநீதி.