மண்ணீரலுக்குக் கத்தி வேண்டாம்

புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகச் சாலையில் பைக் சறுக்கி, ஹேண்டில்பார் வயிற்றில் இடித்த ஓர் இளைஞனை ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருப்பது தெரிகிறது. "இன்னும் ஏன் ஆபரேஷன் பண்ணலை?" என்று உறவினர்கள் கொதிப்பார்கள். பதற்றம் நியாயமானதுதான். ஆனால் இரத்த அழுத்தம் நிலையாக இருந்து, குடல் போன்ற வேறு உறுப்பு எதுவும் கிழியாமல் இருந்தால், நாடியையும் ஹீமோகுளோபினையும் விடாமல் கண்காணித்துக் காத்திருப்பதே இன்றைய முறையான சிகிச்சை. மண்ணீரலை எடுக்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு: அது எடுக்கப்பட்ட குழந்தைகளைக் கடும் கிருமித்தொற்று தாக்குவதை 1952இல் மருத்துவர்கள் கிங்கும் ஷூமேக்கரும் எழுதினார்கள். கிழிந்த மண்ணீரல் கத்தியின்றியே ஆறும் என்ற டொராண்டோ அனுபவத்தை 1968இல் மருத்துவர் சிம்ப்சனோடு சேர்ந்து எழுதிய உபாத்யாயா நம் நாட்டுக்காரர். பின்னர் டெல்லி எய்ம்ஸில் பணியாற்றியவர். இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டாமா? ஆனால் காத்திருக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்தால் உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். எனவே இரவிலும் அறுவை மருத்துவரும் இரத்த வங்கியும் இல்லாத இடத்தில் இப்படிக் காத்திருக்கவே கூடாது. உள்ளே தாமதமாகவும் இரத்தம் கசியலாம். ஆகவே மருத்துவர்களே, இடது தோள்வலி, தலைசுற்றல் வந்தால் உடனே திரும்பி வரும்படி டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.