திறக்க மறுக்கும் கோப்புறை

கீழ்த்தளத்தில் துணிக்கடை, மேல்தளத்தில் இல்லம். கடைக் கணிப்பொறியில் உள்ள கணக்குக் கோப்புறையை மாடியிலிருந்தே திறந்து அன்றாடக் கணக்கை எழுதி வந்த சகோதரி ஒருவர், சில நாள்களாக அது திறக்க மறுப்பதாக எழுதியுள்ளார். பழுது பார்க்க வந்த இளைஞரோ, "கடவுச்சொல்லை எடுத்துவிட்டு எல்லாருக்கும் திறந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. ரவுட்டரிலும் ஒரு வாயிலைத் திறந்தால் வெளியூரிலிருந்தும் பார்க்கலாம்" என்றாராம். அவ்வாறு செய்யலாமா என்பது சகோதரியின் வினா.

செய்யலாகாது. காரணத்தைப் பின்னர் கூறுகிறேன். கோப்புறை ஏன் திறக்கவில்லை என்பதை முதலில் காண்போம்.

விண்டோஸ் மறுக்கும்போது திரையில் ஓர் ஆங்கில வாசகம் தோன்றும். பலரும் அதனைப் படியாமலே மூடிவிடுகின்றனர். படித்தால் பாதி வேலை முடிந்தது. பாதை கிடைக்கவில்லை என்று வந்தால், மாடிக் கணிப்பொறி கடைக் கணிப்பொறியைச் சென்று சேரவே இல்லை. கடவுச்சொல்லைக் கேட்டாலோ, அனுமதி இல்லை என்றாலோ, வாசல் வரை சென்றுவிட்டோம். உள்ளே விடத்தான் மறுக்கிறது. முன்னதற்குக் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. பின்னதற்குக் கம்பியைப் பிடுங்கிச் செருகியும் பயனில்லை.

பாதை கிடைக்காதபோது, இரு கணிப்பொறிகளும் ஒரே வலையமைப்பில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். விருந்தினருக்கென ஒதுக்கிய வைஃபையில் ஒன்று சேர்ந்திருந்தால் இணையம் தடையின்றி வரும். ஆனால் பக்கத்துக் கணிப்பொறி பெரும்பாலும் கண்ணில் படாது. அடுத்து, கடைக் கணிப்பொறியின் ஐ.பி. முகவரி. அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். வீட்டு ரவுட்டர்கள் பலவும் 192.168 என்று தொடங்கும் முகவரியையே தரும். அது கிடைத்திருந்தால், மாடிக் கணிப்பொறியின் கோப்புறைச் சாளரத்து மேற்பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல் இரு சாய்கோடுகளுடன் அவ்வெண்ணை எழுதிப் பாருங்கள். பெயரால் திறக்காதது எண்ணால் திறந்தால், குறை பெயரைத் தேடித் தரும் ஏற்பாட்டில்தான் உள்ளது. ரவுட்டரில் அவ்வெண்ணை அக்கணிப்பொறிக்கே நிலையாக ஒதுக்கிவிட்டு, எண்ணைக் கொண்டே புழங்கலாம்.

எண்ணாலும் திறக்கவில்லையா? ரவுட்டரை அண்மையில் மாற்றினீர்களா என்று எண்ணிப் பாருங்கள். புதிய வலையமைப்பை விண்டோஸ் 'பப்ளிக்', அதாவது பொது இடத்து வலையமைப்பு எனக் கருதிப் பகிர்வை மூடி வைக்கும். சொந்த வீட்டு வலையமைப்பாயின் அதனைப் 'பிரைவேட்' என மாற்றிப் பகிர்வை அனுமதித்தால் போதும். இதற்காக ஃபயர்வால் எனும் காப்பரணையே அணைத்துவிடுவோர் உண்டு. கொசுவுக்காக வீட்டுக் கூரையைப் பிரிப்பது போன்றது அது.

இனி, வாசலில் தடுக்கப்படுவோர். நாள்தோறும் நான்கு இலக்கப் 'பின்' எண்ணால் கணிப்பொறியைத் திறப்பவர்கள் அதனையே இங்கும் இடுகின்றனர். அவ்வெண் அந்தக் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே உரியது. வலையமைப்பு வழியே வருபவர் கணக்கின் முழுக் கடவுச்சொல்லையே தர வேண்டும். கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், பழையது 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்னும் பகுதியில் தங்கி நின்று தடுப்பதுண்டு. அதனை நீக்கிவிட வேண்டும். கோப்புறைக்கு இரு அனுமதிகள் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். பகிர்வுக்கு ஒன்று, கோப்புறைக்கே உரியது மற்றொன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். ஒன்றில் தாராளம் காட்டி மற்றதை மறந்துவிடுவது அடிக்கடி நேர்வது. கடைக் கணிப்பொறியில் இதற்கெனவே தனிப் பயனர் கணக்கு ஒன்றைக் கடவுச்சொல்லுடன் அமைத்து, இரு இடத்திலும் அதற்கு மட்டும் அனுமதி தருவதே என் கணிப்பில் சிறந்த வழி.

இப்போது இளைஞரின் யோசனைக்கு வருவோம். விண்டோஸ் கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிரும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர், அது பயன்படுத்தும் வாயில் எண் 445. அம்முறையின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. அதனை நிறுவாதவர்களை மே 12 அன்று 'வான்னாக்ரை' தாக்கியது. யாரும் எதையும் தொடாமலே அது கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு வந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டின் இறுதி முதல், புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10-இல் அம்முதற்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. பழைய ஸ்கேனர் ஒன்று இயங்கவில்லை என்பதற்காக அதனைத் தேடிப் பிடித்து மீண்டும் நிறுவுவோரை என்னென்பது!

ரவுட்டரில் 445-ஐ இணையத்துக்குத் திறந்துவிட்டால், ஊர் பேர் தெரியாதவர்களும் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பர். சகோதரியின் கோப்புறையில் இருப்பது கடைக் கணக்கு மட்டுமன்று. தவணைக்குத் துணி எடுத்தவர்களின் பெயரும் பாக்கியும் அதில் உள்ளன. அவை பிறருடைய அமானிதம். வெளியூரிலிருந்து பார்க்கத்தான் வேண்டுமெனில், ரவுட்டரில் வி.பி.என். வசதி உண்டா என்று கேளுங்கள். அது மறைகுறியிட்ட தனி வழியாக உங்களை வீட்டு வலையமைப்புக்குள் கொண்டு சேர்க்கும். அதன்பின் மாடியில் திறப்பது போலவே திறக்கலாம். கோப்புறையின் நகல் ஒன்றைத் தனி வட்டில் எடுத்து, வட்டைக் கழற்றி வையுங்கள். இணைந்தே கிடக்கும் நகலையும் அத்தகைய நச்சு நிரல் பூட்டிவிடும்.

இவை யாவற்றுக்கும் முன்பாகக் கீழே இறங்கி, கடைக் கணிப்பொறி உறக்க நிலையில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சிறிது நேரத்தில் தானே உறங்கும்படி அமைந்திருக்கும். உறங்கும் கணிப்பொறியைத் தேடினாலும் திரையில் வருவது பாதை கிடைக்கவில்லை என்ற அதே வாசகம்தான்.