பரிவுக்கு ஒரு பாடவேளை

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின பிளஸ் டூ மாணவர் ஒருவரை, அதே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன் சில நாட்களாக அந்த மாணவர் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று பள்ளி விசாரித்தது. தன்னைத் துன்புறுத்துபவர்களைப் பற்றி அவரும் சொன்னார். அதன் பிறகுதான் அரிவாள் வந்தது.

ஆக, பள்ளி கேட்காமல் இருந்துவிடவில்லை. ஆனால் புகார் சொன்ன பிள்ளையை எப்படிக் காப்பது, புகாருக்கு ஆளானவர்களிடம் எப்படிப் பேசுவது என்று நம் ஆசிரியர்களுக்குக் கற்றுத் தந்தவர் யார்?

இச்சம்பவத்தை அடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்ற பரிந்துரைகள் பெரிதாக அடிபட்டன. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு வேண்டும் என்ற பரிந்துரைக்காகச் சண்டை போடக்கூட அதிகம் பேர் இல்லை.

அந்த வகுப்பு வேண்டும். ஆனால் நாம் படித்த நீதிபோதனை வகுப்பாக இருந்தால் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடவேளை. அதிலும் போர்ஷன் முடிக்கக் கணக்கு ஆசிரியர் வந்துவிடுவார். தப்பித் தவறி நடந்தால் ஒரு கதை, அதற்கொரு நீதி, அதை நோட்டில் எழுத வேண்டும். இப்படியெல்லாம் பரிவு வராது. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, “உன்னைக் கேலி செய்தபோது என்ன தோன்றியது?” என்று கேட்டு, பதிலை முழுசாகக் காதில் வாங்கும் ஆசிரியர் வேண்டும். கோபத்தை அடக்குவது, மன்னிப்புக் கேட்பது, அடுத்தவர் கேலிக்குச் சிரிக்காமல் இருப்பது எல்லாம் பழகிப் பழகி வருபவை. டெல்லி அரசுப் பள்ளிகள் 2018இல் தொடங்கிய ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பாடவேளையை ஒதுக்கியது, தேர்வு வைக்கவில்லை. நமக்கும் அதுவே சரி. ஆறாம் வகுப்பில் தொடங்குவது தாமதம். எந்த நிறக் கயிறு யாருடையது என்பது அதற்குள் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த வகுப்பு, அடிபட்ட பிள்ளைக்குப் பொறுமை போதிக்கும் இடமாகவும் ஆகிவிடக் கூடாது. சாதிப் பெயரால் அழைக்கப்பட்டவனிடம் “பெரிசுபடுத்தாதே” என்பது அவனை இரண்டாம் முறை அடிப்பது. பாடம் அழைத்தவனுக்கு, பிறகு வேடிக்கை பார்த்த வகுப்புக்கு. அதற்கும் முன்னால் ஆசிரியர் அறைக்கு. உதவித்தொகைக்காகப் பிள்ளைகளைச் சாதி சொல்லி வகுப்பு நடுவே எழுப்பி நிறுத்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. காலையில் பரிவு வகுப்பு, பிற்பகலில் “எஸ்சி பசங்க எழுந்திரு” என்றால், இரண்டில் எது மனதில் நிற்கும்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் அடிவாங்கும் என்று தலைமையாசிரியர்கள் தயங்குவார்கள். தேர்ச்சி விகிதத்துக்கு மட்டுமே அவர்களிடம் விளக்கம் கேட்கப்படுவதால், அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. எனவே அரசுதான் முந்த வேண்டும். அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணையில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்தப் பாடவேளை இடம்பெறட்டும். இதை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று பள்ளிக்கல்வித் துறை எழுத்துபூர்வமாக உத்தரவிட வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள், தேர்ச்சி விகிதத்தோடு இந்த வகுப்பு நடந்ததா என்றும் கேட்க வேண்டும். தலைமையாசிரியரிடம் அல்ல, பிள்ளைகளிடம்.