செப்பு நிறம் அம்மம்மாவுக்குத்தான் வரும்

"அக்கா, மருதோன்றி போட்டால் எனக்கும் இந்தக் கலர் வருமோ? கெமிக்கல் இல்லைத்தானே, அம்மா ஒன்றும் சொல்ல மாட்டா."

சித்தியின் மகள் போன கிழமை அனுப்பிய செய்தி இது. கூடவே ஒரு படம்: இடுப்புவரை தொங்கும் செப்புச் சிவப்புத் தலைமுடி. அவளுக்கு வயது 15. அந்த வயதில் எனக்கும் இதே ஆசை இருந்தது. அதனால் பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கலர் வராது.

நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நோர்றெப்ரோவில் ஒரு கடையில் மருதோன்றித் தூள் வாங்கி, நானும் என் டெனிஷ் தோழியும் பாதி பாதியாகப் பூசினோம். வைக்கோல் நிறத்தில் இருந்த அவளுடைய முடி அப்படியே செப்பாக மாறியது. என்னுடையது கறுப்பாகவே இருந்தது. யன்னல் வெயிலில் போய் நின்றால் மட்டும் மெல்லிய சிவப்புத் தெரிந்தது. அன்று முழுக்க அழாத குறைதான்.

காரணம் எளிது. மருதோன்றி இலையில் லோசோன் என்றொரு சாயம் இருக்கிறது. அது முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை சிவப்பதும் இப்படித்தான். ஆனால் நம் முடியைக் கறுப்பாக வைத்திருக்கும் மெலனினை அது அகற்றாது. செம்மஞ்சள் பென்சிலால் வெள்ளைத் தாளிலும் கறுப்புத் தாளிலும் கீறிப் பாருங்கள், விளங்கும். பிறண்டே அபிராமி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால் செப்பு நிறத் தலை யாருக்கு இருக்கிறது என்று கவனியுங்கள். நரைத்த அம்மம்மாக்களுக்குத்தான்!

நிறம் வராதது பெரிய பிரச்சினை இல்லை. "மருதோன்றிதானே, இயற்கைதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதுதான் பிரச்சினை.

சுத்தமான மருதோன்றி தருவது செம்மஞ்சளும் செம்பழுப்பும்தான். அதுவும் மணிக்கணக்கில் தலையில் ஊறவேண்டும். அரை மணித்தியாலத்தில் கன்னங்கறுப்பு என்று ஒரு பக்கற் சொன்னால், அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது. 'கறுப்பு ஹென்னா' என்று விற்பவற்றில் பல தடவை கண்டுபிடிக்கப்பட்டது பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா-பெனிலீன்டயமின். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி தலைமுடிச் சாயத்தில் அது தலையில் பூசும்போது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தோலில் பூசவே அனுமதி இல்லை. ஆனால் விடுமுறைக் கடற்கரைகளில் பிள்ளைகளுக்குப் போடும் கறுப்பு டாட்டூக் கலவைகளில் 10 சதவீதத்துக்கும் மேல் அளந்திருக்கிறார்கள்.

என் தங்கச்சிக்கும் 9 வயதில் அப்படியொரு டாட்டூ போட்டார்கள், கையில் ஒரு டொல்பின். மூன்றாம் நாள் அது கொப்புளமாக எழும்பியது. வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். அவளுடைய உடம்பு மறந்திருக்காது. பிபிடிக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். பிறகு சாயம் பூசும்போது முகம் வீங்கி, கண் மூடிப்போய், மருத்துவமனைக்கு ஓடவேண்டி வரலாம். இங்கே விற்கும் நிரந்தரச் சாயப் பெட்டிகளை எடுத்துப் பாருங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல என்றும், கறுப்பு ஹென்னா டாட்டூ ஒவ்வாமை ஆபத்தைக் கூட்டும் என்றும் எழுதியிருக்கும். அந்த இரண்டு வரியும் அவளுக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

ஆகவே என் பதில் இது. கறுப்பு டாட்டூ போட்டு அந்த இடம் கடித்ததோ கொப்புளித்ததோ என்றால், முதலில் தோல் வைத்தியரிடம் சொல்லி ஒவ்வாமைப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை எந்தச் சாயமும் வேண்டாம். மற்றவர்கள் பக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள். லோசோனியா இனெர்மிஸ் என்ற ஒன்று மட்டும் இருந்தால் அது மருதோன்றி. பொருட்பட்டியலே இல்லாத பக்கற்றை, கடைக்கார மாமா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாங்காதீர்கள். டென்மார்க் நுகர்வோர் சபையின் 'கெமிலுப்பன்' செயலியில் பார்கோடைக் காட்டியும் பார்க்கலாம்.

உண்மையான செப்பு நிறம்தான் வேண்டுமென்றால் முதலில் முடியை வெளிறச் செய்யவேண்டும். அது பெரியவளானதும், சலூனில், விளைவு தெரிந்து எடுக்கவேண்டிய முடிவு. மருதோன்றி போட்டிருந்தால் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். உலோக உப்புக் கலந்த கலப்பட மருதோன்றியின் மேல் பெரொக்சைட் பட்டால் முடி சூடாகிக் கருகிப்போகலாம்.

இதையெல்லாம் அவளுக்கு அனுப்பினேன். "அப்ப எனக்கு எப்பத்தான் அந்தக் கலர் வரும்?" என்று கேட்டாள்.

அம்மம்மாவின் வயதில் வரும், அவசரப்படாதே என்றேன்.