நாட்டுக்கொரு படம்

ஒஸ்கார் நியமனங்கள் வெளியாகுந்தோறும், விரும்பிய படம் விடுபட்டதே என்ற மனக்குறை இரசிகருக்கு எழுவது வழக்கம். 2025ஆம் ஆண்டுப் பரிசுகளைப் பொறுத்தவரை அக்குறை வெறும் விருப்பைச் சார்ந்ததன்று.

பாயல் கபாடியா இயக்கிய 'ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்' 2024இல் கான் விழாவின் இரண்டாவது பெரும் பரிசைப் பெற்றது. முப்பது ஆண்டுகளின் பின் அங்கு பிரதான போட்டியிற் புகுந்த இந்தியப் படமும் அதுவே. ஆனால், ஒஸ்காரின் பிறமொழிப் பிரிவுக்கு நாட்டுக்கு ஒரு படமே அனுப்பலாம் என்பது அவ்வாண்டு விதி. இந்தியத் திரைப்படச் சம்மேளனத்தின் தேர்வுக்குழு கிரண் ராவின் 'லாபதா லேடீஸ்' படத்தை அனுப்பிற்று. இனிய படந்தான், ஆயினும் பதினைந்து படங்கள் கொண்ட முன்பட்டியலிலேனும் அது இடம்பெறவில்லை.

கபாடியாவின் படம், இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம்போலக் குழுவினருக்குத் தோன்றியதாம்! சம்மேளனத் தலைவரே அவ்வாறு கூறினார்.

மும்பையில் தாதியாக உழைக்கும் மலையாளப் பெண் பிரபா. கணவன் ஜேர்மனியில், ஓராண்டாகப் பேச்சில்லை. ஒருநாள், அனுப்பியவர் பெயரில்லாமல் ஜேர்மனியில் செய்த ரைஸ் குக்கர் ஒன்று வந்து சேருகிறது. இரவில், எவரும் காணாவேளை, தரையிலமர்ந்து அதனை அணைத்துக்கொள்கிறாள். ஒரு சொல்லும் இல்லை. கடல்கடந்தவரின் பொதிக்குக் காத்திருந்த வீடுகள் நிறைந்த எம்மூரில் அக்காட்சிக்கு உரை வேண்டுவதில்லை.

இதில் ஐரோப்பா எங்கே இருக்கிறது?